கூலிங் வேலைக்குப் பிறகு எஞ்சின் மக்கர் செய்கிறதா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

ரேடியேட்டர் மாற்றியாயிற்று. வாட்டர் பம்ப், ஹோஸ், கூலன்ட் எல்லாம் புதுசு. ஆனால் பட்டறையிலிருந்து வண்டி வந்த மறுநாளே ஐடிலிங் ஏறி இறங்குகிறது, அல்லது ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அல்லது முன்னைவிட அதிகமாக ஹீட் ஆகிறது. உடனே "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, ஹெட்டை இறக்கிப் பாத்தரலாம்" என்ற பேச்சு வந்துவிடும். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி; அதற்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். இந்த வழிகாட்டி அந்த முடிவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் பற்றியது.

வேலைக்கு முன்பு இல்லாத கோளாறு வேலை முடிந்ததும் முளைத்தால், கைபட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். கழற்றி மாட்டிய ஒயர், நகர்த்தி வைத்த ஹோஸ், வடித்து ஊற்றிய தண்ணீர், இவற்றையெல்லாம் பார்த்து முடிக்கும் வரை எஞ்சினுக்குள் கை வைக்கவே கூடாது. பழைய எஞ்சினில் ஹெட்டைத் தேவையில்லாமல் இறக்கினால், இருபது வருடமாக அசையாமல் இருந்த போல்ட்டுகளும் மரைகளும் புதுத் தொல்லைகளைக் கொண்டுவரும்.

மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், அம்பாசடர், இண்டிகா என்று கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் இன்றும் நல்ல நிலையில் ஓடும் பழைய வண்டிகள் நிறைய. மாருதி எஞ்சின்மேல் இந்த மண்ணுக்கு ஒரு தனிப் பிரியமே உண்டு. கோவையின் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார் ஓடியதும் அந்த எஞ்சினில்தான். கீழே சொல்லும் முறை இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அளவுகள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும் என்பதால் சர்வீஸ் புத்தகம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

சூடாக இருக்கும் எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 0.9 கிலோ அழுத்த மூடி போட்ட வண்டியில் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடி கழன்றதும் அழுத்தம் இறங்கி, அந்தத் தண்ணீர் அப்படியே பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைப் பிடித்தால் கை தாங்க வேண்டும், அமுக்கினால் தளர்வாக இருக்க வேண்டும். அதன் பிறகே மூடியைத் தொடலாம். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும். விரலை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் ஃபேன் கனெக்டரைப் பிடுங்கி விடுங்கள்.

வடித்த கூலன்ட்டை வாசலிலோ கட்டுத்தறி ஓரத்திலோ கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும்; நாயும் ஆடும் மாடும் நக்கிவிடும். கொஞ்சமே உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கும் நஞ்சு அது. வாளியில் பிடித்து மூடி வையுங்கள்.

சோதனையின்போது டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ஒரு நிமிசம் பாக்கலாம்" என்று ஓட விட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஆற்றுகிறேன் என்று பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் அதே கதிதான். தானாக ஆறட்டும்.

முதல் படி: என்னென்ன கழற்றினார்கள்?

மெக்கானிக்கிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் "எல்லாம் சரியாத்தாங்க பண்ணோம்" என்ற ஒரே பதில்தான் வரும். தகவல் கேட்கிற முறையில் கேளுங்கள்.

"ஏனுங்ணா, பம்ப்பு எடுக்கறப்ப டைமிங் பெல்ட்டைக் கழட்டுனீங்களா?"

"தெர்மோஸ்டாட் பழசையே போட்டீங்களா, புதுசுங்களா? இல்ல எடுத்தே போட்டுட்டீங்களா?"

"கூலன்ட் மொத்தம் எத்தனை லிட்டருங்ணா புடிச்சுது?"

"பேட்டரி ஒயரைக் கழட்டுனீங்களா? வேற ஏதாச்சும் சென்சாரு, எர்த்து?"

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. இந்தக் கேள்விகளில் மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதில்தான் பெரிய துப்பு இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் நாலு லிட்டர் என்று போட்டிருக்க, மூன்று லிட்டர்தான் பிடித்தது என்றால் பழைய தண்ணீர் ஒரு லிட்டர் உள்ளேயே தங்கியிருக்கலாம். முழுக்க வடித்தது உறுதியென்றால் அந்த ஒரு லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது.

டைமிங் பெல்ட்டை, அதாவது கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம்மையும் இணைக்கும் பல் வைத்த பெல்ட்டை, கழற்றினோம் என்று சொன்னால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்புக்கு வழிவிட டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டிய எஞ்சின்கள் உண்டு. அங்கே ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் வரும் தொல்லை கூலன்ட்டைப் பார்த்துத் தீராது.

இரண்டாம் படி: காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது

இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பானெட்டைத் திறந்து பொறுமையாகப் பாருங்கள். கையில் ஒரு டார்ச் போதும்.

முதலில் அளவு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் கழுத்துவரை நிற்க வேண்டும். பக்கத்து டப்பாவில் நிறைந்திருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால், ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்ட் திரும்பவில்லை என்று பொருள். மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு ஒட்டியிருக்கலாம், கழுத்தில் ரப்பர் சரியாக அமராமல் இருக்கலாம், டப்பாவுக்குப் போகும் குழாய் வெடித்திருக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடந்தாலும் அதே வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து கிளாம்ப்புகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிகிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழாவிட்டாலும், சூட்டில் கசிந்து ஆவியாகி, ஆறும்போது அதே ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சும். பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரம் இருந்தால் பம்ப் சீல் சரியில்லை. புதுப் பம்ப் என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

பிறகு ஒயர்கள். தெர்மோஸ்டாட் கூட்டைச் சுற்றி மூன்று விதமான வெப்ப உணரிகள் இருக்கலாம். ஒற்றை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு, இரண்டு ஒயர் உள்ளது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று ஃபேன் சுவிட்ச். ஃபேன் சுவிட்ச் சில வண்டிகளில் ரேடியேட்டரிலேயே இருக்கும். எல்லாக் கனெக்டரும் 'டிக்' என்று முழுசாக அமர்ந்திருக்கிறதா, பின்னுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஒயர் உணரிக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். கசியக் கூடாதென்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தால் எர்த் அறுந்து முள் எழும்பாது. வண்டி ஜில்லென்று இருப்பதாக முள் காட்டும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிய எர்த் போல்ட் திரும்ப மாட்டப்படாமல் தொங்கினால் செல்ஃப் மந்தமாகச் சுற்றும், முள்ளுகள் ஆடும், ஐடிலிங் குழம்பும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் பழுது. மெக்கானிக்குகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல வினோதக் கோளாறுகள் இந்த ஒரே சோதனையில் வெளுத்துவிடும்.

கடைசியாக, பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் தணிய வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: காற்றை வெளியேற்றுவது

கூலிங் வேலைக்குப் பின் வரும் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏர் லாக், அதாவது கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்று. கிணற்று மோட்டாரில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். காரின் வாட்டர் பம்ப்பும் அதே வகைப் பம்ப்தான், அதற்கும் அதே நியாயம்தான். காற்று ஹெட்டின் மேட்டுப் பகுதியில் தங்கினால் அங்கே தண்ணீர் ஓடாது. உணரியின் முனை தண்ணீரில் முங்காமல் ஆவியில் நின்றால் அளவைத் தப்பாகச் சொல்லும். ஆகவே ஒரே காற்றுக் குமிழ் ஹீட்டும் ஆக்கும், ஐடிலிங்கையும் கெடுக்கும், ஃபேனையும் சுற்ற விடாது.

அடையாளங்கள்: டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம், முள் விறுவிறுவென்று ஏறிச் சட்டென்று இறங்குவது, எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் ஜில்லென்ற காற்று, மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர்போல இருப்பது. கடைசி அடையாளம் தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும் வரும். அதனால் காற்றை எடுத்த பிறகே தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லுங்கள்.

செய்யும் முறை இது. வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போட்டுப் பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ரேடியேட்டர் கழுத்து மொத்த அமைப்பிலேயே உயரமான இடமாக வேண்டும், அதற்காகத்தான் சரிவு. ஹீட்டர் இருந்தால் லீவரை முழுச் சூட்டில் வையுங்கள். அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வழி திறக்கும். தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹோஸிலோ காற்று விடும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும்போது இறுக்குங்கள்.

மூடி திறந்தபடியே, குளிர்ந்த எஞ்சினில், கழுத்துவரை மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். 'களக்' என்று குமிழ் வந்து மட்டம் இறங்கும். திரும்ப நிரப்புங்கள். குமிழ் நின்ற பிறகு எஞ்சினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில், அதாவது 82 முதல் 88 டிகிரிக்குள், மட்டம் சட்டென்று இறங்கும். தயாராக இருந்து ஊற்றுங்கள். பொங்கி வருகிறது என்றால் விலகி நின்று மூடியைப் போட்டுவிடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை ஓடட்டும். பிறகு நிறுத்தி, முழுக்க ஆற விட்டு, மறுபடி மட்டம் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கேட்கும். மறுநாள் காலையும் பாருங்கள்.

ஹீட்டர் ஹோஸ்களை அடைத்தோ, ஒன்றோடொன்று வளைத்து மாட்டியோ வைத்திருக்கும் வண்டிகளில் அந்த வளைவு மேடாக நின்றால் காற்று அங்கேயே குடியிருக்கும். வளைவைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

இரண்டு மூன்று முறை செய்தும் ஓயாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால், காற்று எங்கிருந்தோ புதிதாக உள்ளே போகிறது. அதற்கு ஆறாம் படி.

நான்காம் படி: எப்போது ஹீட் ஆகிறது?

'ஹீட் ஆகுது' என்பது மட்டும் துப்பு ஆகாது. எப்போது என்பதில்தான் விடை இருக்கிறது.

காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது ஏறி, அவிநாசி ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். பல வண்டிகளில் ஏ.சி. போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். அப்போதும் சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், ஒயர் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் சுவிட்ச் பக்கம் கோளாறு. இரண்டு ஒயர் வரும் பழைய வகைச் சுவிட்சில் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒயர் துண்டால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நலம், சுவிட்சோ அதைச் சுற்றி நிற்கும் காற்றோதான் காரணம். ஃபேன் சுற்றியும் பயனில்லையென்றால் திசையைப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனில், முன்புறம் ஒரு காகிதத்தைக் காட்டினால் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் மோட்டார் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன.

இதற்கு மாறாக, ஊருக்குள் அமைதியாக இருந்து பெருந்துறை பைபாஸில் 80 தொட்டதும் ஏறினால், தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பம்ப்பின் விசிறித்தட்டு தண்டில் வழுக்கலாம். கீழ் ஹோஸையும் பாருங்கள்: எஞ்சினை ரேஸ் செய்யும்போது அது உள்வாங்கிச் சப்பினால், உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கையில் வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் ரேடியேட்டர் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே அடைப்பு. பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும், கறுப்பு ரப்பரிலும் பெயின்ட்டிலும் வைத்துப் பாருங்கள்.

மலையில் மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் மூடியை முதலில் மாற்றுங்கள். திம்பம் ஏற்றத்தில் 27 கொண்டை ஊசி, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40. இரண்டாம் கியரில், காற்றோட்டம் குறைந்து, எஞ்சின் முழு உழைப்பில் ஏறும் இடம். இதில் உயரமும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் திறந்த பாத்திரத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் பல வண்டிகளில் ஃபேன் சுற்றத் தொடங்கும் சூட்டை எட்டும் முன்பே உள்ளே கொதி வந்துவிடும். சமவெளியில் குறையே சொல்லாத வண்டி மலையில் பொங்குவதன் ரகசியம் பலமுறை இந்தச் சின்ன மூடிதான். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். "பெருசு போட்டா நல்லதுங்க" என்று 1.1 போட்டால் பழைய ஹீட்டர் குழாய் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். சட்டியில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியில் திறக்கத் தொடங்கி, கொதி வரும் முன் நன்றாக விரிய வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும், சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேலே வர வேண்டும். தலைகீழாக மாட்டிய தெர்மோஸ்டாட் ரொம்பத் தாமதமாகத்தான் திறக்கும். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருந்தால் உள்பக்கம் பிதுங்கிய துணுக்குகள் அந்தத் துளையையும் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும். மெல்லிய கோடு போதும்.

ஐந்தாம் படி: ஐடிலிங், மிஸ்ஸிங், ஸ்டார்ட்டிங்

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள வண்டியில், பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்வதில் கூலன்ட் உணரிக்குப் பெரிய பங்கு. உணரி 'குளிராக இருக்கிறது' என்று பொய் சொன்னால் சூடான எஞ்சினுக்கும் பெட்ரோல் கூடுதலாகப் போகும்: கறுப்புப் புகை, பெட்ரோல் வாசம், பிளக்கில் கரி, மைலேஜ் சரிவு. 'சூடாக இருக்கிறது' என்று பொய் சொன்னால் காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். கனெக்டரைக் கழற்றி உணரியின் இரு பின்களில் ஓம் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமாரில் இருக்கும். சூடு ஏற ஏற அளவு சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் உணரி பழுது. சில பழைய மாருதி வண்டிகளில் சோதனைக் கனெக்டரை இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கிப் பிழை எண்ணைச் சொல்லும்; ஸ்கேனர் இல்லாத ஊரில் இது பெரிய உதவி.

ஐடிலிங் உயர்ந்தே நின்றால் த்ராட்டில் பாடியைப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் வழியாகக் கூலன்ட் ஓடும் இரண்டு சின்ன ஹோஸ்கள் உண்டு. அந்தச் சூட்டில்தான் உள்ளேயுள்ள மெழுகு வால்வு மூடி ஐடிலிங்கை இறக்கும். ஹோஸில் காற்று நின்றாலோ, "இது எதுக்குங்க" என்று யாராவது அடைத்து வைத்திருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் அந்த வால்வு குளிரில் இருப்பதாக நினைத்துத் திறந்தே இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், கம்ப்யூட்டர் பழகிய அளவுகளை மறந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே சீராகும் வாய்ப்பும் உண்டு.

கார்புரேட்டர் வண்டியில் கதை வேறு. அங்கே சந்தேகம் வேக்குவம் ஹோஸ்கள்மேல் போக வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் கூலன்ட் சூட்டால் இயங்கும் வால்வுகள் சில மாடல்களில் திருகியிருக்கும், அவற்றிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் கார்புரேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் அவசரத்தில் அவை பிடுங்கப்பட்டு இடம் மாறி மாட்டப்படுவது சகஜம். வேலைக்கு முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. படம் இல்லாவிட்டால் பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள வரைபடத்தையோ, அதே மாடல் வண்டி ஒன்றையோ பார்த்து ஒப்பிடுங்கள். வெடித்த குழாய்க்குக் காது போதும்: 'ஸ்ஸ்' என்ற சத்தம் வரும் இடத்தை விரலால் மூடினால் ஐடிலிங் மாறும்.

மிஸ்ஸிங் அடித்தால் முதல் சந்தேகம் ஈரம். ஹோஸைக் கழற்றும்போது சிந்திய கூலன்ட் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் குழிகளிலும் இறங்கியிருக்கலாம். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். கூலன்ட் அப்படிக் காயாது, பிசுபிசுப்பாகத் தங்கிக் கரண்ட்டைக் கசிய விடும். மூடியைக் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டால் கரண்ட் தாவும் இடம் நீலப் பொறியாகத் தெரியும். பிளக் ஒயர் வரிசையையும் சரிபாருங்கள்: மாருதி 800-ன் மூன்று சிலிண்டருக்கு 1-3-2, அம்பாசடர், எஸ்டீம் போன்ற நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு 1-3-4-2.

இவையெல்லாம் சரியாக இருந்தும் புல்லிங் இல்லை, ஸ்டார்ட்டிங் இழுக்கிறது, ஐடிலிங்கில் நடுங்குகிறது, டைமிங் பெல்ட்டையும் கழற்றியிருக்கிறார்கள் என்றால், கவரைத் திறந்து குறிகளைப் பாருங்கள். முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க் குறியும் கேம் குறியும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினைச் செல்ஃபால் சுற்றாமல் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். குறி தள்ளியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் எஞ்சின்கள் உண்டு. இண்டிகா போன்ற டீசல் வண்டிகளில் இதில் துளியும் அலட்சியம் கூடாது.

ஆறாம் படி: ஹெட் கேஸ்கட்டுக்குச் சான்று

இப்போதுதான் ஹெட்டைப் பற்றிப் பேசலாம். சான்று இல்லாமல் இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

இரவு நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஆனால் ஹோஸ் கல்லாக இறுகிவிட்டது என்றால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. இதைவிடத் தெளிவான சோதனை நீல மருந்துச் சோதனை: ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் குழாயிலுள்ள நீலத் திரவம் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். இந்தக் கருவி இருக்கும் பட்டறையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

கம்ப்ரஷன் கேஜ் எளிதில் கிடைக்கும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். சுசூகி வகைப் பெட்ரோல் எஞ்சின்களில் சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோவுக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் வெந்திருக்கிறது. கழற்றிய பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் வெளுத்த ஆடை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிச் சேரும். டிப் ஸ்டிக்கில் வரும் எண்ணெயே பால் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது. வெள்ளைப் புகையும் அப்படித்தான். குன்னூரில் மார்கழிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு தொடர்ந்தால்தான் பிரச்சினை.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால் லேத்தில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். சுசூகி வகை ஹெட்டுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை. கோவையில் இந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மட்டம் பார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டை எறிவதும், சப்பைத் தண்ணீர் ஊற்றுவதும்

"நம்மூரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க, எடுத்துப் போட்டா ஜில்லுனு ஓடும்" என்பது கொங்கு நாட்டில் ஊறிப்போன பழக்கம். கரூர்ப் பரமத்தி வெயிலிலும் இது தவறுதான். தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைக் குளிர்விப்பது மட்டுமல்ல, சரியான சூட்டில் நிறுத்துவது. அது இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகும். அவ்வளவு நேரமும் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேரும், சிலிண்டர் தேய்மானம் கூடும். திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில் அதை எடுத்துவிட்டால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி இன்னும் ஹீட் ஆகும். ஃபேனை டைரக்டாகச் சாவியில் கொடுப்பதும் இதே ரகம். உள்ளேயுள்ள கோளாறை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல்லடம், காங்கயம், அவிநாசி பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்களில் வருவது உப்பும் சுண்ணாம்பும் கலந்த சப்பைத் தண்ணீர். எஞ்சினில் எது அதிகம் சூடாகுமோ, அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள பகுதியில், சுண்ணாம்பு முதலில் படியும். வெளியே தண்ணீர் நல்ல சூட்டில்தான் இருக்கும், அந்த இடத்து உலோகம் மட்டும் வெந்து ஹெட்டில் விரிசல் விழும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அவசரத்துக்கு ஊற்றலாம். முறைப்படி ஊற்ற வேண்டியது பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர்தான், கூலன்ட்டோடு பாதிக்குப் பாதி. வாங்கும் கேனில் ஏற்கனவே கலந்ததா, இனிமேல் கலக்க வேண்டியதா என்று படித்துப் பாருங்கள். பச்சையும் சிவப்பும் கைக்குக் கிடைத்தபடி கலந்தால் சில வகைகள் கூழாகி அடைக்கும். வழியில் ஓட்டையை அடைக்க மஞ்சள் தூள் கொட்டி வீடு வந்து சேர்ந்திருந்தால், முழுக்க அலசாமல் புதுக் கூலன்ட்டை ஊற்றாதீர்கள்.

இன்னொரு சோதனை: எஞ்சின் ஓடும்போது, விளக்கும் ஃபேனும் போட்ட நிலையில், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கழுத்திலுள்ள கூலன்ட்டிலும் முக்குங்கள், உலோகத்தில் படாமல். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் கோளாறால் கூலன்ட் வழியே கரண்ட் ஓடுகிறது, அல்லது கூலன்ட் கெட்டிருக்கிறது. புது அலுமினிய ரேடியேட்டர் சில மாதத்தில் பொத்துப்போகிற வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

சரி செய்த அன்றே மலைக்குப் போகாதீர்கள். முதல் நாள் ஊருக்குள், ஏ.சி. போட்டு, ஃபேன் சுற்றி நிற்பதைக் காதால் கேட்டபடி ஓட்டுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மட்டம் பார்த்து, கிளாம்ப்புகளை ஒரு முறை இறுக்குங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். பிறகு பைபாஸில் அரை மணி நேரம் சீரான வேகம். இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நின்று, இரண்டு காலை மட்டமும் இறங்காமல் இருந்தால் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வரை போய், பர்லியாறு வரை ஏறி, நிறுத்தி, பானெட்டைத் திறந்து எல்லா இணைப்புகளையும் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, டப்பாவில் கூலன்ட் மேல் கோட்டைத் தாண்டவில்லை என்றால் குன்னூருக்கு ஏறலாம். டப்பா நிரம்பி வழிந்திருந்தால் அங்கேயே திரும்பி, இறங்கி வந்து, மூடியிலிருந்தும் ஆறாம் படியின் ஹோஸ் சோதனையிலிருந்தும் மறுபடி தொடங்குங்கள்.